ஒரு ஃபைல், இரண்டு சேர்வர்: எதில் ஏற்றுவது?

கேள்வி:

பதுளையில் ஒரு தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் கணினிப் பகுதியைக் கவனிக்கிறேன். பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்கள் எங்களுக்குக் கீழ் வருகின்றன. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளைமார் டெப்லட் பாவிக்கத் தொடங்கியபின், எங்கே போனாலும் ஒருவருக்கு ஒரே பயனர்பெயர், ஒரே பாஸ்வேர்ட் இருக்கட்டும் என்று ஓப்பன்எல்டாப் சேர்வர் இரண்டு அமைத்தோம். ஒன்று பதுளையில், மற்றது கொழும்புத் தலைமை அலுவலகத்தில். இரண்டிலும் எழுதலாம், ஒன்றில் செய்த மாற்றம் மற்றதுக்குத் தானாகப் போக வேண்டும்.

பழைய சம்பளப் பட்டியலிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் பேரின் விபரத்தை எல்டிஃப் ஃபைலாக எடுத்து, பதுளை சேர்வரை நிறுத்திவிட்டு, ஸ்லாப்ஆட் கட்டளையால் ஏற்றினேன். பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் கொழும்புக்கு ஒருவரும் போய்ச் சேரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அதே ஃபைலைக் கொழும்பிலும் ஏற்றினேன். எண்ணிக்கை சரியாகிவிட்டது. இப்போது சிக்கல் வேறு: பாஸ்வேர்ட் மாற்றினால் சிலருக்கு மற்றப் பக்கம் போகிறது, சிலருக்குப் போகவில்லை. சிலர் ஒரு பக்கத்தில் காணாமலே போய்விட்டார்கள். தமிழ்ப் பெயர்கள் சிலவும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. முதலிலிருந்து ஏற்றுவதென்றால் எந்த ஒப்ஷன்களைப் போட வேண்டும்? மாதாமாதம் புதிதாகப் பேர் பதிகிறவர்களை எப்படிச் சேர்ப்பது?

வாசகர், பதுளை

பதில்:

சேர்வர்கள் இரண்டும் தங்களுக்குச் சொன்னதைத்தான் செய்திருக்கின்றன. முதல் தடவை ஏற்றும்போது ஒரு ஒப்ஷன் விடுபட்டிருக்கிறது. அது திருத்தக்கூடிய குறை. கொழும்பில் அதே ஃபைலை மறுபடி ஏற்றியதுதான் வினையாகிவிட்டது. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில், ஒவ்வொரு ஒப்ஷனுக்கும் முன் சிறுகோடு போட்டு அடியுங்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. நான் 'பெரிய' என்று சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து.

ஃபைலில் நீங்கள் எழுதியது பெயர், இலக்கம், தோட்டம், பாஸ்வேர்ட். சேர்வர் தன் பங்குக்கு ஒவ்வொரு பதிவின் மேலும் இரண்டு முத்திரை குத்துகிறது. சாதாரணமாகத் தேடினால் அவை கண்ணில் படா. பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். ஒன்று என்ட்ரி யூயூஐடி, அந்தப் பதிவுக்கு மட்டுமே உரிய நீண்ட அடையாளம். மற்றது என்ட்ரி சீஎஸ்என். கடைசி மாற்றம் எப்போது, எந்தச் சேர்வரில் நடந்தது என்று அது சொல்லும். ஒரு சீஎஸ்என்னை எடுத்துப் பாருங்கள். 20260113044512 என்பது போலத் தொடங்கும். வருடம், மாதம், திகதி, மணி, நிமிடம், செக்கன் எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. மணி கிரீன்விச் கணக்கில் இருப்பதால் 04.45 என்றால் பதுளையில் காலை 10.15. அதற்கப்பால் செக்கனின் பின்னம், பிறகு ஹாஷ் குறிகளுக்கு நடுவே 001 போல மூன்று இலக்கம் வரும். அதுதான் சேர்வரின் இலக்கம்.

இவற்றுக்கு மேல், பதிவுகளை அடுக்கி வைத்திருக்கும் மரத்தின் உச்சியில் உள்ள பதிவில் கொன்டெக்ஸ்ட் சீஎஸ்என் என்று ஒன்று இருக்கும். 'இந்த நேரம்வரை நடந்த மாற்றம் எல்லாம் என்னிடம் உண்டு' என்று ஒரு சேர்வர் மற்றச் சேர்வருக்குக் காட்டும் குறி அது. ஸ்லாப்ஆட் கட்டளை இதைத் தானாக எழுதாது. டபிள்யூ ஒப்ஷன் போட்டால்தான், ஏற்றி முடிந்தபின் இருக்கிற சீஎஸ்என்களில் மிகப் பிந்தியதை எடுத்து அங்கே எழுதும்.

ஒரே திசையில் மட்டும் ரெப்ளிகேஷன் ஓடும் அமைப்பாக இருந்தால் டபிள்யூவை மறந்தாலும் தப்பியிருப்பீர்கள். குறி இல்லாததைக் கண்ட புரொவைடர், அதாவது கொடுக்கும் சேர்வர், எழும்பும்போது தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். உங்களுடையது இரண்டு பக்கமும் எழுதக்கூடிய அமைப்பு. அதில் ஒவ்வொரு சேர்வரும் கொடுப்பதோடு வாங்கியும் கொள்கிறது. அப்படி வாங்குகிற இடத்தில் இருக்கும் சேர்வர், குறி இல்லாவிட்டால் தானாக ஒன்றை உண்டாக்காது. மற்றச் சேர்வர் அனுப்பும், அல்லது யாராவது இங்கே ஒரு மாற்றம் செய்வார்கள் என்று காத்திருக்கும். பதுளை கொழும்பைப் பார்த்துக்கொண்டும், கொழும்பு பதுளையைப் பார்த்துக்கொண்டும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது இரண்டாவது ஏற்றல். உங்கள் ஃபைலில் யூயூஐடி இல்லை. ஆகவே பதுளையில் ஏற்றியபோது ஸ்லாப்ஆட் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒன்று உண்டாக்கியது. கொழும்பில் ஏற்றியபோது அங்கேயும் உண்டாக்கியது, ஆனால் அவை வேறு. ஒரே டிவிசனில் நாலு லெட்சுமி இருந்தால் செக்ரோலில் ஆளைப் பிரித்துக் காட்டுவது பெயர் அல்ல, இலக்கம்தானே. டிரெக்டரிக்கு யூயூஐடி அந்த இலக்கம். பதுளையின் லெட்சுமியும் கொழும்பின் லெட்சுமியும் பெயரிலும் முகவரியிலும் ஒன்றாக இருந்தும், சேர்வர்களின் கண்ணுக்கு வெவ்வேறு ஆட்கள். ஒருவருடைய பாஸ்வேர்ட் மாறி அந்த மாற்றம் மற்றப் பக்கம் வந்தால், அந்த யூயூஐடி அங்கே இல்லை. புதிதாகச் சேர்க்கப் பார்த்தால் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு பதிவு நிற்கிறது. முழுதாக ஒத்துப்பார்க்கும் கட்டம் வந்தால் இன்னும் மோசம்: எதிர்ப்பக்கம் காட்டிய யூயூஐடிப் பட்டியலில் இல்லாத பதிவுகளை, அங்கே அழிக்கப்பட்டுவிட்டன என்று கருதி இங்கேயும் நீக்கிவிடும். உங்கள் ஆட்கள் காணாமல் போன வழி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே வெறும் எல்டிஃப் ஃபைலை ஒரு சேர்வரில் மட்டும் ஏற்றுங்கள். மற்றதுக்கு அது ரெப்ளிகேஷன் வழியாகப் போகட்டும். அல்லது முதல் சேர்வரிலிருந்து ஸ்லாப்கேட் கட்டளையால், முத்திரைகளோடு, எடுத்த பிரதி போகட்டும். இந்த இரண்டு வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி ஒப்ஷன்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம். டிரெக்டரிக்குள் பதிவு ஏற்ற இரண்டு கட்டளைகள் உண்டு. ஸ்லாப்ஆட், நிறுத்தி வைத்த சேர்வரின் தரவுத்தளத்தில் நேராக எழுதும். எல்டாப்ஆட், ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரிடம் போய் 'சேர்த்துக்கொள்' என்று கேட்கும். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் ஒப்ஷன் எழுத்துகளுக்கு அர்த்தம் வேறு. ஸ்லாப்ஆட்டில் டபிள்யூ என்பது இப்போது சொன்ன குறியை எழுதுவதற்கு. எல்டாப்ஆட்டில் அதே டபிள்யூ போட்டால் அதையடுத்து நீங்கள் தருவது பாஸ்வேர்ட். அது கட்டளை வரலாற்றில் அப்படியே பதிந்து கிடக்கும். அங்கே பெரிய டபிள்யூ போட்டால் பாஸ்வேர்ட்டைக் கேட்டு வாங்கும், அதுவே நல்லது. பெரிய எஸ் ஸ்லாப்ஆட்டில் சேர்வர் இலக்கம். எல்டாப்ஆட்டில் ஏற்க முடியாமல் விட்ட பதிவுகளை எழுதி வைக்கும் ஃபைலின் பெயர். என் என்ற எழுத்து ஸ்லாப்ஆட்டில் எந்தத் தரவுத்தளம் என்று சொல்ல, எல்டாப்ஆட்டில் ஒன்றும் எழுதாமல் ஒத்திகை பார்க்க. ஸ்லாப்ஆட்டில் ஒத்திகைக்கு யூ. ஃபைலைக் காட்ட ஒன்றில் எல், மற்றதில் எஃப். இரண்டிலும் ஒரே வேலையைச் செய்பவை, பிழை வந்தாலும் மேலே போ என்று சொல்லும் சீயும், விபரமாகச் சொல்லு என்று கேட்கும் வீயும் போன்ற சிலதான். வேறெங்கோ பார்த்த கட்டளையை இங்கே அப்படியே ஒட்டினால் சிக்கலில் இழுத்துவிடுவது இந்த எழுத்துகள்தான். பழைய குறிப்பு என்றால் இன்னும் கவனம். 2007 இல் வந்த 2.4 பதிப்போடு ஸ்லர்ப்டி என்ற தனி நிரல் போய்விட்டது. மிரர்மோட் என்று இருந்த அமைப்பின் பெயர் 2021 இல் வந்த 2.5 இலிருந்து மல்டிபுரொவைடர்.

ஸ்லாப்ஆட்டில் பெரிய எஸ் போடாவிட்டால் சீஎஸ்என்னில் சேர்வர் இலக்கம் 000 என்று விழும். உங்கள் அமைப்பில் 000 என்று ஒரு சேர்வரே இல்லை. பதுளைக்கு 1, கொழும்புக்கு 2 என்று கொன்ஃபிகில் கொடுத்திருப்பீர்கள். இரண்டிலும் ஒரே இலக்கம் இல்லையே என்று முதலில் பாருங்கள். பதுளையில் ஏற்றும்போது பெரிய எஸ் 1 என்று போடுங்கள்.

இப்போது நடைமுறை. முதலில் இரண்டு சேர்வரையும் நிறுத்தி, இரண்டிலும் ஸ்லாப்கேட் போட்டு, தரவுக்கு ஒன்றும் கொன்ஃபிகுக்கு ஒன்றுமாகப் பிரதி எடுங்கள். தரவுத்தள இலக்கம் 0 என்றால் கொன்ஃபிக், ஆள்பதிவுகள் வழக்கமாக 1 இல். இலக்கம் மாறிப் போகும் என்ற பயம் இருந்தால் என்னுக்குப் பதில் பீ போட்டு மரத்தின் உச்சிப் பெயரையே கொடுக்கலாம். நான் அதைத்தான் விரும்புவேன். பிறகு இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு ஒரே ஃபைல் செய்யுங்கள். பாஸ்வேர்ட் யாருக்கு எங்கே கடைசியாக மாறியது என்று சீஎஸ்என் காட்டும், பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் காணாமல் போனவர்கள் மற்றப் பக்கத்தில் இருப்பார்கள். மூலச் சம்பள ஃபைலுக்குத் திரும்பினால் இதற்கிடையில் நடந்த பாஸ்வேர்ட் மாற்றங்கள் எல்லாம் போய்விடும், ஆகவே அது வேண்டாம். ஒன்றாக்கிய ஃபைலிலிருந்து என்ட்ரி சீஎஸ்என், கொன்டெக்ஸ்ட் சீஎஸ்என் வரிகளை எடுத்துவிடுங்கள், புதிதாக விழட்டும். யூயூஐடியை வைப்பதா எடுப்பதா என்பது வேறு என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நெக்ஸ்ட்கிளவுட் போன்றவை ஆளை நினைவில் வைப்பது யூயூஐடியால். அப்படி ஏதாவது இருந்தால் அது பார்த்த சேர்வரின் யூயூஐடியை வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்ப் பதிவு முன்னும் பிள்ளைப் பதிவு பின்னுமாக இருக்க வேண்டும்: தோட்டம் முதலில், அதன் ஆட்கள் பிறகு. ஸ்லாப்கேட் தந்த ஒழுங்கைக் கலைக்காமல் இருந்தால் இது பெரும்பாலும் தானாக அமையும். இரண்டு பதிவுகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி. வரித் தொடக்கத்தில் ஒரு வெற்றிடம் நின்றால் அது மேல் வரியின் தொடர்ச்சி என்று கணக்கு. எக்செல்லிலிருந்து ஒட்டிய ஃபைல்களில் இந்த வெற்றிடம் அடிக்கடி தொல்லை தரும். யூ போட்டு ஒத்திகை பாருங்கள். பிழையில்லாமல் முடிந்தபின், பழைய டேட்டா.எம்டிபி, லொக்.எம்டிபி இரண்டையும் அழிக்காமல் வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். இரண்டு சேர்வரிலும் இதைச் செய்ய வேண்டும். பதுளையில் ஏற்றும் கட்டளை இப்படி வரும்:

சூடோ, யூ ஓப்பன்எல்டாப், ஸ்லாப்ஆட், பெரிய எஃப் கொன்ஃபிக் ஃபோல்டர், என் 1, எல் ஊழியர் ஃபைல், டபிள்யூ, பெரிய எஸ் 1.

தொடக்கத்தில் உள்ள 'யூ ஓப்பன்எல்டாப்' சூடோவுக்கு உரியது, ஸ்லாப்ஆட்டின் ஒத்திகை யூவோடு குழப்பவேண்டாம். உபுண்டு, டெபியன் இரண்டிலும் சேர்வர் ஓடுவது ஓப்பன்எல்டாப் என்ற பயனரின் பெயரில். ரூட்டாக இருந்து ஏற்றினால் தரவு ஃபைல்கள் ரூட்டின் சொத்தாகிவிடும், அப்புறம் சேர்வர் எழும்பாது. இன்னொன்று கொள்ளளவு. எம்டிபி தரவுத்தளத்துக்கு நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் மேல் எல்லை 10 மெகாபைட். டெபியன், உபுண்டுப் பொதி தானாக அமைத்தது என்றால் 1 கிகாபைட் கொடுத்திருக்கும். கையால் அமைத்த தரவுத்தளம் என்றால் பாதியில் 'மெப் ஃபுல்' என்று நிற்கும்.

வேகத்துக்கு கியூ என்று ஒரு ஒப்ஷன் இருக்கிறது. சரிபார்ப்புகளைக் குறைத்து விரைவாக எழுதும். பாதியில் நின்றுபோனால் அந்தத் தரவுத்தளம் உதவாது, துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாலாயிரம் பேருக்கு அது தேவையே இல்லை. இலட்சக்கணக்கில் பதிவுகள் உள்ள இடத்துக்கு விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் யூபிஎஸ் இல்லாமல் கியூ போடுவது வீண் வம்பு. எஸ் என்ற சின்ன எழுத்து ஸ்கீமா சரிபார்ப்பை நிறுத்தும். அதையும் தொடாதீர்கள். பிழை சொல்லும் பதிவைத் திருத்துவதுதான் வழி.

பதுளையை எழுப்பி, எல்டாப்சர்ச்சால் உச்சிப் பதிவை மட்டும் எடுத்து கொன்டெக்ஸ்ட் சீஎஸ்என் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் 001 இருக்க வேண்டும். இருந்தால் கொழும்பை வெறுமையாகவே எழுப்புங்கள். அது தானாகக் கேட்டு வாங்கும். ரெப்ளிகேஷனுக்கு உள்ள பயனர் மரத்துக்குள்ளேயே இருந்தால், அது கொழும்பில் வந்து சேரும்வரை பதுளை அங்கே உள்நுழைய முடியாமல் லொகில் முறையிடும்; பயப்பட வேண்டாம், மறுபடி மறுபடி முயலும். ஆனால் கொழும்பில் 500 பேரோடு நின்றுவிட்டால் அது வேறு கதை. ஓப்பன்எல்டாப்பில் ஒரு தேடலுக்கு வழக்கமான எல்லை 500 பதிவு. ரெப்ளிகேஷன் பயனருக்கு அந்த எல்லையை நீக்கி, பாஸ்வேர்ட் பண்பைப் படிக்கும் உரிமையும் கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் ஆள் போவார், பாஸ்வேர்ட் போகாது.

கடைசியில் இரண்டு சேர்வரிலும் அதே எல்டாப்சர்ச்சை ஓட்டுங்கள். வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் முடிந்தது. கொழும்பில் யாராவது முதல் மாற்றம் செய்தபின் 002 உள்ள இரண்டாவது வரியும் இரண்டு பக்கமும் வரும். அது சரியானதே.

லைன் மெதுவாக இருந்தால் என்ன செய்வது என்றும் நினைத்திருப்பீர்கள். எழுத்து மட்டும் என்றால் நாலாயிரம் பேர் சில மெகாபைட்டுக்குள் அடங்கும், போன் சிக்னலே போதும். படங்களையும் சேர்த்தால்தான் பாரம். எல்டிஃப் ஃபைலில் பேஸ்64 ஆக மாறும்போது படம் மூன்றில் ஒரு பங்கு பெருக்கவும் செய்யும். அப்போது பதுளையில் ஏற்றி முடிந்தபின் ஸ்லாப்கேட் எடுத்து, பூட்டிய பென்டிரைவில் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே அந்தப் பிரதியை ஸ்லாப்ஆட் செய்யலாம். முத்திரைகள் உள்ளேயே இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே யூயூஐடி. சேர்வரை எழுப்பியபின், பென்டிரைவ் பஸ்ஸில் இருந்த நேரத்தில் நடந்த மாற்றம் மட்டும் லைனில் வரும்.

தமிழ்ப் பெயர்க் குப்பைக்கு வருகிறேன். இது ரெப்ளிகேஷன் கோளாறு அல்ல. சம்பளப் பட்டியலில் பாதிப் பேர் பாமினி எழுத்துருவில் அடித்தவர்களாக இருப்பார்கள். நம் அலுவலகங்களில் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் அப்படித்தான். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். எல்டிஃப்புக்கும் சேர்வருக்கும் அது குற்றமற்ற ஆங்கில எழுத்து. ஆகவே ஒரு பிழையும் சொல்லாமல் ஏற்றிக்கொள்ளும், ஒழுங்காகக் கொழும்புக்கும் அனுப்பும். ஸ்லாப்கேட் பிரதியில் இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. யுனிகோட் தமிழ் இருக்கும் வரியில் பண்பின் பெயருக்குப்பின் இரட்டைக் கோலன் வரும், மதிப்பு பேஸ்64 ஆக இருக்கும். தமிழ் யுனிகோட் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட், பேஸ்64 இல் சரியாக நான்கு குறி. முதல் மூன்று குறி எப்போதும் 4, பெரிய கே, பிறகு 6 அல்லது கூட்டல் குறி. சிங்களம் என்றால் 4, பெரிய எல், பிறகு சின்ன ஏ அல்லது சின்ன ஈ. நடுவில் புள்ளியோ வெற்றிடமோ வந்தால் இந்த ஒழுங்கு குலையும், ஆனால் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்தாலே போதும். தமிழாக இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றைக் கோலனும் அரைப்புள்ளிகளும் இருந்தால் அது பாமினி. ஏற்றுவதற்கு முன் யுனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள். பெயர்ப் பண்பில் ஆங்கிலத்தை வைத்து, தமிழையும் சிங்களத்தையும் மொழிக்குறியோடு அதே பண்பின் கிளைகளாக வைக்க ஓப்பன்எல்டாப்பில் வழி உண்டு. மூன்று மொழி அலுவலகத்துக்கு அது வசதி.

இரட்டைக் கோலனைப் பார்த்துப் பாஸ்வேர்ட் பூட்டப்பட்டிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பேஸ்64 பூட்டு அல்ல, எவரும் திருப்பி எடுக்கலாம். ஸ்லாப்ஆட் பாஸ்வேர்ட்டை ஹாஷ் செய்யாது. சேர்வர் ஓடும்போது வேலை செய்யும் ஓவர்லேக்கள் எதுவும் அப்போது ஓடா. ஃபைலில் வெறும் எழுத்தாகப் போட்டால் உள்ளேயும் வெறும் எழுத்தாகவே இருக்கும். முன்கூட்டியே ஸ்லாப்பாஸ்வேர்ட் கட்டளையால் ஹாஷ் செய்து போடுங்கள்.

மாதாமாதம் பேர் பதிகிறவர்களுக்கு ஸ்லாப்ஆட் வேண்டாம். சேர்வரை நிறுத்தாமல் எல்டாப்ஆட் பாவியுங்கள்: பெரிய எச் போட்டு பதுளை சேர்வரின் முகவரி, பெரிய டீ போட்டு நிர்வாகப் பயனர், பெரிய டபிள்யூ, இரண்டு பெரிய இசட் போட்டுக் கட்டாய மறையாக்கம், எஃப் போட்டு ஃபைல், சீ, பெரிய எஸ் போட்டுத் தவறியவர் ஃபைல். தவறிய பதிவுகள் அந்த ஃபைலில் காரணத்தோடு எழுதப்பட்டிருக்கும். திருத்தி அதையே மறுபடி ஏற்றலாம். முத்திரை குத்துவதும் கொழும்புக்கு அனுப்புவதும் சேர்வரின் வேலை. லைன் அறுந்திருக்கும் நாளில் அவசரத்துக்குக் கொழும்பிலும் ஒருதரம் ஓட்டிவிடுவோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். லைன் இருக்கும்போது ஓட்டினால் 'ஏற்கெனவே உண்டு' என்று 68 ஆம் பிழையோடு தடுத்துவிடும். அறுந்திருக்கும்போது தடுக்க ஆளில்லை; மறுபடியும் ஒரு பெயருக்கு இரண்டு யூயூஐடி. சேர்க்கிற வேலை பதுளையில் மட்டும் என்று எழுதாத சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பயனர்பெயராக அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டிருந்தால் இந்தச் சந்தர்ப்பத்தில் மாற்றிவிடுங்கள். 2016 இலிருந்து புதிய அட்டைகளுக்கு 12 இலக்கம், பழையது 9 இலக்கமும் ஒரு எழுத்தும். அட்டையை மாற்றிய ஒருவர் உங்கள் டிரெக்டரியில் இரண்டு ஆளாக நுழைய அதுவே போதும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வேறு வந்துவிட்டது. தேடுகிற எவரும் காணும் இடத்தில் அந்த இலக்கத்தை வைப்பது சரியில்லை. கம்பனியே கொடுக்கும் ஒரு இலக்கம் போதும்.

ஏற்றுவதற்கு முன் இரண்டு சேர்வரின் கடிகாரத்தையும் க்ரோனி போட்டு நேராக்குங்கள். சீஎஸ்என் நேரத்தை வைத்துத்தான் எழுதப்படுகிறது. போர்டில் உள்ள சின்ன பெற்றரி செத்த கம்பியூட்டர், மின்சாரம் போய் வந்தபின் பழைய வருடத்தில் எழும்பும். அந்த நேரத்தில் அதில் செய்த மாற்றத்தை மற்றச் சேர்வர் 'மிகப் பழையது' என்று லொகில் எழுதிவிட்டுக் கண்டுகொள்ளாது. சிலருக்கு மட்டும் பாஸ்வேர்ட் போகாததற்கு இதுவும் ஒரு பங்காளியாக இருக்கலாம்.

வேறு டிரெக்டரி சேர்வர் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இரண்டு வரி. எல்டாப்பின் போர்ட் இலக்கத்தையே பெயராகக் கொண்ட 389 சேர்வரில் வெறும் ஃபைலை இறக்குமதி செய்தால் அந்தப் பிரதியின் தலைமுறைக் குறியே மாறிவிடும். மற்றவை அதை அந்நியமாகப் பார்த்து நிற்கும். ஒன்றில் ஏற்றிவிட்டு, அங்கிருந்து மற்றவற்றை இனிஷியலைஸ் செய்யவேண்டும். ஓப்பன்டீஜேயிலும் அதே கதை, கட்டளைப் பெயர்கள்தான் வேறு.

கைகொடுக்க ஆள் தேவைப்பட்டால் கொழும்புவரை போகவேண்டாம். பசறை வீதியிலேயே 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, கணினி விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் அங்கிருந்து வெளிவருகிறார்கள். ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்து, இரண்டு மெய்நிகர் கணினியில் இந்த ஏற்றலை முழுதாக ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான சேர்வரில் கைவைப்பதற்கு முன் அது நடந்திருக்க வேண்டும்.

இரண்டு சேர்வர் இருப்பதால் பிரதி எடுக்கும் வேலை இல்லை என்று எவராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒரு பக்கம் தவறி அழித்தது செக்கன் கணக்கில் மறு பக்கமும் அழிந்துவிடும். இரவில் ஸ்லாப்கேட் ஓட்டி வைத்த ஃபைல்தான் மீட்டுத்தரும். அந்த ஃபைல் பதுளையில் மட்டும் இருந்தால் போதாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடிய மாவட்டம் இது, இங்கே அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கொழும்பிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஏற்றி முடிந்ததும் அந்த எல்டிஃப் ஃபைல் எங்கெல்லாம் கிடக்கிறது என்று ஒரு சுற்றுப் பாருங்கள்: டவுன்லோட்ஸ் ஃபோல்டர், பென்டிரைவ், அக்கவுன்ட்ஸ் பகுதிக்கு அனுப்பிய மெயில், எக்செல்லில் திறந்து பார்த்த கம்பியூட்டர். நாலாயிரம் பேரின் பாஸ்வேர்ட் ஹாஷும் அடையாள அட்டை இலக்கமும் அதற்குள் இருக்கின்றன. ஜீபீஜீயால் பூட்டிய ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, மற்ற எல்லா இடத்திலும் அழித்துவிடுங்கள்.